மணப்பெண்ணிடம் கேட்டாச்சா?

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சாதாரண தரப் பரீட்சையோடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே யோசிக்கிறவள். தையல் என்றால் என் கோடு நேராகப் போகும். எழுத்துக்கு அப்படி உத்தரவாதம் தர முடியாது. ஆனாலும் எங்கள் புத்தளம் பக்கத்தில் இப்போது வீட்டுக்கு வீடு போனில் வியாபாரம் நடக்கிறது. கேக் செய்கிறவர், அபாயா தைக்கிறவர், கருவாடு அனுப்புகிறவர் எல்லோரும் பேஸ்புக்கில் பக்கம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் விடுகிற பிழைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆளின் ஞாபகம் வருகிறது. அவரைப் பற்றி எழுதுவதற்கு வேறு யாரும் முன்வரவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

அவருடைய பெயரைப் போடவில்லை. கேட்காமல் போட்டால் அவருக்குப் பிடிக்காது. கேட்கலாம் என்றால், அவர் மகனோடு வெளிநாடு போய்க் கனகாலம், பழைய நம்பரும் வேலை செய்வதில்லை. நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்ற முறையில் ராத்தா என்று கூப்பிட்டோம். அதையே இங்கேயும் வைத்துக்கொள்கிறேன்.

ராத்தா சின்ன வயதில், சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர். பாலாவிப் பக்கம் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, தையல் படித்து, கலியாணம் முடித்து, சண்டை ஓய்ந்த பிறகு கற்பிட்டி வீதியில் ஒரு வீட்டின் முன் அறையைக் கடையாக்கினார். மணப்பெண் உடுப்புத் தைப்பதும், கலியாணத்தன்று போய் உடுத்தி விடுவதும் வேலை. நான் பக்கத்து ஊர், கனமூலைக்காரி. அவரிடம் வேலை கேட்டுப் போன அன்று ஒரு துண்டுத் துணியில் மணி கோத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. உனக்கு இந்த வேலை பிடிக்குமா புள்ள?"

வேலை வேணுமா என்று கேட்டிருந்தால் ஓம் என்று சொல்லியிருப்பேன். பிடிக்குமா என்று அதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டினா எனக்கு விளங்காது. மணி கோக்கப் பிடிக்குமா, துணி வெட்டப் பிடிக்குமா?"

"மணி."

"அப்ப மணி. வெட்டுறதுக்கு வேற ஆள் பாப்பம்."

அவர் அப்படித்தான். எதையும் கேட்டுத்தான் செய்வார். மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரிடம் நாங்கள் எல்லாம் "நல்ல மீனா?" என்போம். அவரும் ஓம் என்று சொல்லிவிட்டுத் தராசைத் தூக்குவார். ராத்தா, "எந்தத் துறையில எடுத்தீங்க? கரைக்கு வந்தது சுபஹுத் தொழுகைக்கு முந்தியா, பிந்தியா? ஐஸ் போட்டது யாரு?" என்று தொடங்குவார். மீன்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "ராத்தா, இந்த மீனுக்கே தெரியாத கேள்வியெல்லாம் கேக்கிறீங்க" என்பார். ஆனால் பழைய மீன் இருக்கும் நாளில் அவர் எங்கள் வாசலில் ஹோர்ன் அடிக்க மாட்டார்.

இந்தப் பழக்கத்தால் நட்டமும் வந்தது. ஒரு பெரிய இடத்துக் கலியாணம். மாப்பிள்ளையின் உம்மாவே உடுப்புத் தைக்கக் கூட்டி வந்திருந்தார். ராத்தா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி, "நகை சொந்தமா, இரவலா?" என்று கேட்டார். அந்த உம்மா எழுந்து போனவர் போனவர்தான். நான் அன்று மெல்ல, "ஏன் ராத்தா அப்படிக் கேட்டீங்க?" என்றேன்.

"இரவல் எண்டா நிக்காஹ் முடிஞ்ச கையோட கழட்டிக் குடுக்கணும். ஊசி குத்துற இடத்த மாத்தணும். கேக்காம குத்திட்டு, மறுகா எல்லாரும் பாக்க அந்தப் புள்ளைட தலைப் போர்வைய உருவச் சொல்றியா?"

வீதியில் அவருக்குக் கேள்வி ராத்தா என்று பெயர். அவருக்கும் தெரியும். "அல்லாஹ்விடமே கேக்கத்தானே சொல்லியிருக்கு. மனிசரிட்டக் கேட்டா என்ன குறைஞ்சு போகும்?" என்பார்.

பேஸ்புக் பக்கம் தொடங்கியது ராத்தா இல்லை. அவருடைய கணவர். அவரை நாங்கள் மச்சான் என்போம். கட்டாரில் சாரதியாக இருந்துவிட்டு வந்தவர். நல்ல மனிதர், கை சும்மா இருக்காது. கட்டாரில் எல்லாக் கடையும் போனில்தான் நடக்கிறது என்று சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை சோறு தின்ற கையோடு பக்கத்தைத் திறந்துவிட்டார். அதன் பிறகு வீட்டில் கேள்விக்கும் வேலைக்கும் குறைவில்லை.

முதலில் அவர் காசு கொடுத்து லைக் வாங்கினார். ஒரு கிழமைக்குள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தது. மச்சான் சந்தோஷத்தில் எங்களுக்குப் பெட்டிஸ் வாங்கி வந்தார். ராத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெயர்களைப் பார்க்கத் தொடங்கினார். பாதிப் பெயர்கள் நாங்கள் வாசிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தன.

"இஞ்சாருங்க, இவர் எந்த ஊரு?"

"எனக்கென்னண்டு தெரியும்? லைக் தானே."

"இவர்ட வீட்டில கலியாணம் எப்ப?"

"உனக்கு எல்லாம் பகிடி."

"பகிடி இல்ல. காசு குடுத்து எடுத்த ஆக்கள். எப்ப உடுப்புத் தைக்க வருவாங்க எண்டு கேக்கிறன்."

மச்சான் பெட்டிஸைக் கடித்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். அதன் பிறகு நல்ல படம் போட்டாலும் பேஸ்புக் அதை அந்தப் பெயர்களுக்கே காட்டியது, எங்கள் ஊர்ப் பெண்களின் கண்ணில் படுவது குறைந்தது. அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழிக்க ராத்தாவுக்கும் எனக்கும் பல பகல் பொழுது போனது.

அடுத்தது விலை. படத்துக்குக் கீழே பெண்கள் "எவ்வளவு?" என்று எழுதுவார்கள். மச்சான் எல்லோருக்கும் "இன்பொக்ஸ் வாங்க" என்று பதில் போடுவார். எல்லாப் பக்கங்களிலும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றார். விலையைச் சொன்னால் மற்றக் கடைக்காரர் பார்த்துவிடுவார்களாம்.

"கடைக்கு வந்து ஒரு மனிசி வெலை கேக்கிறா. நீங்க அவட்ட, பின்வளவுக்கு வாங்க, அங்க சொல்றன் எண்டு சொல்லுவீங்களா?"

மச்சான் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் படங்களுக்குக் கீழே இன்ன விலையிலிருந்து இன்ன விலை வரை என்று இருந்தது. விலை பார்த்து ஓடினவர்களும் உண்டு. வந்தவர்கள் விலை தெரிந்து வந்ததால் பேரம் குறைந்தது, என் கழுத்து வலியும் குறைந்தது. பேரம் முடியும் வரை துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தானே.

பிறகு அவர் விளம்பரத்தைப் பூஸ்ட் பண்ணினார். காசு கட்டினால் பேஸ்புக் அதைப் பலருக்குக் காட்டும். யாருக்குக் காட்ட வேண்டும் என்று அதிலே ஒரு இடத்தில் கேட்குமாம். மச்சான் அதை வாசிக்காமல் இலங்கை முழுக்க, எல்லோருக்கும் என்று விட்டுவிட்டார். எங்கள் கடையோ பெண்கள் மட்டும் வந்து போகிற கடை. மச்சான்கூட இருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். மறுநாள் பார்த்தால் படத்துக்குக் கீழே முழுக்க ஆண்கள். "மாஷா அல்லாஹ்" என்று சிலர், "ஹாய்" என்று சிலர். "இதில பொண்ணும் சேர்த்தா வெலை?" என்று ஒருவர். குறிஞ்சிப்பிட்டியிலிருந்து வயதான ஒருவர் போனே எடுத்துவிட்டார். எங்களைக் கலியாணத் தரகர் என்று நினைத்திருக்கிறார். "மகனுக்கு சொந்த போட் இருக்கு. நல்ல பொடியன். பொண்ணு காட்டுவீங்களா?"

நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தோம். ராத்தா சிரிக்கவில்லை. மகனின் வயது, படிப்பு, சிகரெட் பிடிப்பாரா, தாயோடு இருப்பாரா, தனியே இருப்பாரா என்று அரை மணித்தியாலம் கேட்டார். அடுத்த நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அந்த மகனுக்கு எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் தங்கச்சியை முடித்தும் வைத்தார். அந்த உடுப்புக்கு நான்தான் மணி வைத்தேன். "பாத்தியா, என்ட பூஸ்ட்டு" என்று மச்சான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"ஒரு கலியாணத்துக்கு முழு இலங்கைக்கும் அழைப்பு வச்சிருக்கீங்க" என்றார் ராத்தா.

எங்கோ தைத்த உடுப்பின் படத்தை எடுத்து எங்கள் பக்கத்தில் போட்டது, பிறகு ஒரு பெண் அதே உடுப்பு வேண்டும் என்று அழுதது, ராத்தா அந்தப் பெண்ணிடம் "இது நாங்க தைச்சதில்ல தங்கச்சி" என்று முகத்துக்கு நேரே சொன்னது எல்லாம் எழுதினால் நீண்டுவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கனமூலையில் ஒரு பெண்மணி, உடுப்பில் ஒட்டிய கல் கழன்று விழுந்தது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்க்க எழுதிவிட்டார். எனக்கு மரண பயம். என் ஊர், என் கை வேலை. மச்சான் உடனே அதை அழித்து, அவரை உள்ளே வர முடியாமல் பூட்டியும் விட்டார். ராத்தா பூட்டைத் திறக்கச் சொன்னார். அந்தப் பெண்மணிக்குப் போன் எடுத்து, "கழண்டது எந்தப் பக்கம்? தோளா, கையா? கழுவினீங்களா, அயன் பிடிச்சீங்களா?" என்று கேட்டார். பசை சரியில்லை என்று விளங்கியது. பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், அங்கிருந்த கதிரையில் உட்கார வைத்துத் தைத்துக் கொடுக்கச் செய்தார். அந்தப் பெண்மணி எங்களைப் பற்றி நல்லதாக ஒரு வரியும் எழுதவில்லை. தேத்தண்ணி மட்டும் தந்தார். பசையை அன்றோடு நிறுத்தினோம். எல்லாக் கல்லும் நூலில்தான்.

வருகிற ஒவ்வொருவரிடமும் ராத்தா, "எங்கள எப்படித் தெரியும்?" என்று கேட்பார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான், பாதிப் பேர் பேஸ்புக்கைப் பார்த்து வரவில்லை, ஒரு கலியாண வீட்டில் எங்கள் உடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று தெரிந்தது. ஆகவே படம் போடுவதைக் குறைத்து, கலியாண வீட்டுக்கு நாங்கள் போகும்போது இன்னும் கவனமாகப் போனோம்.

படம் விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. முகம் எப்போதும் இல்லை. உடுப்பு மட்டும் என்றாலும் மணப்பெண்ணிடம் கேட்க வேண்டும், அவளுடைய உம்மாவிடம் கேட்க வேண்டும், கலியாணம் முடிந்த பிறகு இன்னொரு தரம் கேட்க வேண்டும். "முந்தி ஓம் எண்ட வாய் பிந்தி வேற கதை சொல்லும்" என்பார். மற்றக் கடைகள் முகத்தோடு போட்டு ஆள் பிடிக்கின்றன என்று மச்சான் குறைபடுவார். அவர் போனைத் தூக்கினாலே ராத்தா தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல் கேட்பார்: "மணப்பெண்ணிட்டக் கேட்டாச்சா?"

இனி அந்தச் சம்பவத்துக்கு வருகிறேன்.

ஸில்மியா என்று ஒரு பெண். முதல் கணவர் கடலில் இறந்துவிட்டார். ஒரு மகள். ஸில்மியா குவைத்துக்கு வேலைக்குப் போனபோது பிள்ளையை வளர்த்தது கணவரின் உம்மா, அவளுடைய மாமி. அவர்கள் மீள்குடியேறி மன்னார் மாவட்டத்தில் சிலாவத்துறைப் பக்கம் இருந்தார்கள். பிள்ளை அங்கேயே பள்ளிக்கூடம் போனாள். குவைத்தில் அடுப்பில் பட்டு ஸில்மியாவின் வலது கையில் இரண்டு விரலும் மணிக்கட்டும் வெந்த தழும்பு இருந்தது. திரும்பி வந்து புத்தளத்தில் தாய் வீட்டில் இருந்தவளுக்கு இரண்டாவது கலியாணம் பேசி முடிவானது. சின்ன நிக்காஹ். மாமியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. போனில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை நேரே போய், காலடியில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்றிருந்தாள். அதற்கு முந்தி வேறு யார் வாயிலிருந்தாவது போனால், பிள்ளையைத் தரமாட்டேன் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்பதுதான் அவளுடைய பயம். "என்ட மகன் மவுத்தான வீட்டில இருந்து களவா கலியாணம் முடிக்கிறாள் எண்டு நினைச்சாங்க எண்டா முடிஞ்சுது ராத்தா" என்று வியாழக்கிழமை உடுப்பு உடுத்திப் பார்க்க வந்தபோது சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கீழ் மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று அவளுடைய உம்மா தன் போனில் ஒரு படம் எடுத்தார். வீட்டில் பெரியவருக்குக் காட்ட. எங்கள் கடை வட்ஸ்அப்பிலிருந்து அவருக்கு அளவு விவரம் போய் வந்துகொண்டிருந்தது. இரவு அந்தப் படத்தையும் அதிலேயே அனுப்பி, கை வேலை நல்லா இருக்கு என்று சொல்லியிருந்தார். அந்தப் போன் மச்சானிடம் இருந்தது.

மச்சானுக்கு அதற்குள் பாடம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் பக்கத்தில் அந்தப் படத்தை, முகத்தை வெட்டிவிட்டு, கையும் உடுப்பும் மட்டும் தெரியப் போட்டார். பூஸ்டும் பண்ணினார். இந்த முறை ஆண்களுக்கு இல்லை, பெண்களுக்கு மட்டும். இலங்கை முழுக்க இல்லை. எங்களிடம் தைத்த ஆட்கள் பலர் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்களே, அவர்களுக்குக் காட்டலாம் என்று மன்னார் மாவட்டத்தைத் தெரிவு செய்தார். ராத்தா சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் செய்தார், ஒன்றைத் தவிர.

நான் கடைக்குப் போனபோது ஸில்மியா படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "இந்தக் கை நமக்குத் தெரிஞ்ச கை."

மச்சான் படத்தை அழித்துவிட்டு வெளிறிப்போய் நின்றார். "அழிச்சிட்டன். முகமும் இல்ல. இனி ஒண்டுமில்ல, எல்லாரும் சும்மா இருங்க."

"அழிச்சா, பாத்த கண்ணும் அழிஞ்சு போகுமா?" என்றார் ராத்தா. குரலை உயர்த்தவில்லை. ஸில்மியாவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அப்போதும் கேள்விதான்.

"உன்ட மாமிட்ட என்ன போன்?"

"பட்டன் போன்."

"வீட்டில வேற யாருட்டப் பேஸ்புக் இருக்கு?"

"மதினிட்ட. மகள்ட பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறாங்க."

"பள்ளிக்கூடத்தில போன் பாப்பாவா?"

"அங்க சிக்னல் இல்ல. வீட்டுக்கு வந்துதான்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும்?"

"ஜும்ஆவுக்கு முந்தி."

ராத்தா எழுந்தார். "நாளைக்குப் போறதா இருந்தாய். இப்ப போவமா?"

ஸில்மியா கண்ணைத் துடைத்தாள். ராத்தா விடவில்லை. "வாயால சொல்லு. போவமா?"

"ஓம்."

"புள்ள, நீ வாறியா?" இது எனக்கு. நானும் வாயால் ஓம் என்றேன்.

பக்கத்து வீட்டு வேனைக் கேட்டு எடுத்தோம். ஓட்டியது மச்சான். எலுவன்குளத்தைத் தாண்டினோம். பிறகு ராத்தா கடைப் போனை என்னிடம் தந்து எழுதச் சொன்னார். நான் எழுதியது இதுதான்: "இன்று காலை இங்கே போட்ட படம் மணமகளிடம் கேட்காமல் போட்டது. எங்கள் பிழை. எடுத்துவிட்டோம். யாரும் எடுத்து வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள்."

"பிழை எண்டு நாமளே எழுதினா மற்றக் கடைக்காரன் சிரிப்பான்" என்றார் மச்சான், முன் கண்ணாடியைப் பார்த்தபடி.

"சிரிக்கட்டும். அவன்ட வீட்டுக் கலியாணத்துக்கு எங்க தைப்பான் எண்டு பாப்பம். போட்டுவிடு புள்ள."

காட்டுக்கு முன்னால், ஆற்றைத் தாழ்வாகக் கடக்கிற சப்பாத்துப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் வேனை நிறுத்திவிட்டு, திரும்புவோம் என்றார். ராத்தா இறங்கிப் போய், அங்கே நின்ற வனக்காவலரிடம் சிங்களத்தில் கேட்டார். காலைப் பஸ் போனதா? தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா? வேன் போனதா, பஸ் மட்டுமா? அவர் ஒரு கல்லைக் காட்டினார். காலையில் அது தெரியவில்லை, இப்போது தெரிகிறது. ராத்தா திரும்பி வந்து ஏறினார். "இறங்குது. மெதுவாப் போங்க. நடுவில நிப்பாட்ட வேணாம்." தண்ணீர் கதவின் அடியில் உரசிக்கொண்டு போனது. நான் கண்ணை மூடி ஸலவாத் ஓதினேன். திறந்தபோது செம்மண் பாதையில் இருந்தோம்.

சிலாவத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பள்ளிவாசலில் ஆட்கள் ஜும்ஆத் தொழுகைக்கு வுழூ செய்யத் தொடங்கியிருந்தார்கள். மச்சான் எங்களை வாசலில் இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போனார். வீட்டில் ஸில்மியாவின் மாமி மட்டும் இருந்தார். முற்றத்தில் நெத்தலி காயப் போட்டுக்கொண்டிருந்தார். மருமகளைக் கண்டதும் கையைச் சீலையில் துடைத்தார்.

"என்னடி, சொல்லாம கொள்ளாம? யாரு இவங்க?"

ராத்தா, ஸில்மியாவின் காதுக்கு அருகில் கேட்டார். "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நான் சொல்றன்."

அவள் நினைத்திருந்தபடியே காலடியில் உட்கார்ந்து சொன்னாள். மாப்பிள்ளை யார், என்ன தொழில், எப்போது நிக்காஹ், எல்லாம். மாமி நெத்தலியைக் கிளறிக்கொண்டே இருந்தார். அவள் முடித்ததும் ராத்தா தன் பங்கைச் சொன்னார். "உம்மா, இவட கைய எங்கட கடை கேக்காம ஊருக்குக் காட்டிட்டுது. இவ மறைக்கல்ல. நாளைக்கு வர இருந்தா. பிழை எங்கட."

"படத்தில என்ன தெரிஞ்சது?"

"கை. உடுப்பு."

மாமி ஸில்மியாவின் வெந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் மதினியும் பிள்ளையும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளை புத்தகப் பையை எறிந்துவிட்டு ஓடி வந்து தாயைக் கட்டிப் பிடித்தாள். மதினி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்று அந்தப் பார்வையிலேயே விளங்கியது.

பெரியவர்கள் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று கதைக்கத் தொடங்கினார்கள். மாமி, வருஷம் முடியட்டும் என்றார். ஸில்மியா, நிக்காஹ் முடிந்ததும் கூட்டிப் போவேன் என்றாள். குரல்கள் கொஞ்சம் ஏறின. ராத்தா இடையில் புகுந்து, "இவட்ட யாராச்சும் கேட்டீங்களா?" என்றார்.

கேட்காமல் இருந்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன். இன்றும் அது சரியா என்று எனக்குத் தெரியாது.

பிள்ளை பாட்டியைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். "சோதினை முடியும் வரைக்கும் இஞ்ச இருக்கட்டா உம்மா?" என்றாள்.

ஸில்மியாவின் முகம் விழுந்தது. ஆனாலும் தலையாட்டினாள். ராத்தா அவளை வாயால் சொல்லச் சொல்லவில்லை. மாமி எங்களுக்குச் சோறு போட்டார். கலியாணத்துக்கு வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வேன் கிளம்பும்போது, "பாத்துப் போங்க, தண்ணி ஓடுது" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. காலைப் பஸ்ஸில் அந்த மாமி பேத்தியோடு வந்து எங்கள் கடை வாசலில் இறங்கினார். பேத்திக்குச் சட்டை தைக்க வேண்டும், நிக்காஹ் அன்று உடுக்க, என்றார். நான் அளவெடுத்தேன்.